கடை டிசைன் வேலைக்கு ஏஐ: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் பதிலும்

சின்னச் சின்ன கடைக்கும் தொழிலுக்கும் போர்டு, நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப் போஸ்டர் பண்ணிக் குடுக்குறதுதான் என் வேலை. ஏஐ படம் வந்ததுலேர்ந்து கடைக்காரங்களும் கேக்குறாங்க, புதுசா டிசைன் கத்துக்கிற பசங்களும் கேக்குறாங்க, ரெண்டு பக்கமும் சுத்திச் சுத்தி அதே சந்தேகம்தான். போன்ல ஒவ்வொருத்தருக்கா சொன்னதை இங்க ஒண்ணா எழுதி வச்சிருக்கேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட வார்த்தையிலயே விட்டுட்டேன்.

ஏஐகிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல போஸ்டர் வந்துருது, அப்புறம் டிசைனர் எதுக்குங்க?

ஒரு நிமிஷத்துல வர்றது படம். கடைக்குத் தேவைப்படுறது அதுக்கு மேல கொஞ்சம் இருக்கு. பேரு, என்ன தொழில், எங்க இருக்கு, போன் நம்பர், எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், இதுல எது முதல்ல கண்ணுல படணும், எது கிட்ட வந்து படிச்சா போதும்னு ஒருத்தர் உக்காந்து முடிவு பண்ணணும். வண்டில போறவர் உங்க போர்டை ரெண்டு மூணு செகண்டு பாத்தாலே அதிகம். ஏஐ எல்லாத்தையும் ஒரே அளவுக்கு மினுக்கி வச்சிடுது, கண்ணு எங்க நிக்கணும்னே தெரியாது.

நீங்களே பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். "நாளைக்கு கடை லீவு"ன்னு ஸ்டேட்டஸ் போட டிசைனரைக் கூப்பிட வேணாம். ஆனா வருஷக்கணக்கா வாசல்ல தொங்கப்போற போர்டு, ஆயிரக்கணக்குல அடிக்கப்போற நோட்டீஸ், இதுக்கெல்லாம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கண்ணாவது படட்டும்.

எந்த டூல் நல்லது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும்

வேலையைப் பொறுத்துதான். சும்மா ஐடியா பாக்க, மூடு பிடிக்க, எழுதிச் சொன்னா படம் வரைஞ்சு தர்ற மிட்ஜர்னி மாதிரி டூல் நல்லா இருக்கும். இருக்குற போட்டோல பேக்ரவுண்ட் நீட்டணும், குப்பைத்தொட்டியைத் தூக்கணும்னா ஃபோட்டோஷாப்ல 2023லேர்ந்து இருக்குற ஜெனரேட்டிவ் ஃபில். டெம்ப்ளேட்ல டக்குனு போஸ்ட் பண்ண கேன்வா. ஸ்டேபிள் டிஃப்யூஷனும் படம் வரையிறதுதான், உங்க கம்ப்யூட்டர்லயே ஓடும், ஆனா நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேணும், கத்துக்க நாளும் ஆகும். புதுசா ஆரம்பிக்கிறவங்க ஏதாவது ஒண்ணை எடுத்து ரெண்டு மாசம் அதுலயே கிடங்க, வாரம் ஒரு டூல்னு தாவாதீங்க.

தமிழ்ல எழுதச் சொன்னா ஏன் கன்னாபின்னான்னு வருது?

இதுதான் எனக்கு அதிகமா வர்ற கேள்வி. படம் வரையிற ஏஐ எழுத்தை எழுத்தா பாக்குறதில்ல, கோடும் வளைவும் உள்ள ஒரு உருவமாத்தான் பாக்குது. அது கோடிக்கணக்கான படத்தைப் பாத்துக் கத்துக்கிட்டது, அந்தப் படங்களுக்குக் கூட இருந்த விவரம் பெரும்பாலும் ஆங்கிலம்தான், தமிழ் அதுல ரொம்பக் கம்மி. போதாக்குறைக்கு நம்ம எழுத்துல கொம்பு முன்னாடி வரும், கால் பின்னாடி வரும், "கொ" எழுதுனா ரெண்டு பக்கமும் வந்து நடுவுல க நிக்கும். உருவத்தை மட்டும் பாத்துப் பழகுனதுக்கு இந்த விதி பிடிபடுறது கஷ்டம், அதனால ழ மாதிரி ஒண்ணு, ஞ மாதிரி ஒண்ணு, நடுவுல எந்த மொழியிலயும் இல்லாத எழுத்து ஒண்ணுன்னு போட்டுத் தரும்.

புது டூல்கள்ல இது நல்லா முன்னேறிடுச்சு, ரெண்டு வார்த்தை தலைப்பெல்லாம் சரியா வர்றதை நானே பாத்துருக்கேன். ஆனா "பெரும்பாலும் சரி"ங்கிறது போர்டுக்கு ஆகாது, ஏன்னா தப்பு இப்ப சின்னதா ஒளிஞ்சு வருது. ஒரு கண்ணாடிக் கடை நோட்டீஸ்ல "கண்ணாடி"க்குப் பதிலா "கணணாடி"ன்னு வந்து, ஒரே ஒரு புள்ளிதான், நானும் பாக்கல, கடைக்காரரும் பாக்கல, மொத்தக் கட்டும் அச்சாகி வந்தப்புறம் அவரோட பொண்ணு தான் பாத்துச்சு. திரும்ப அடிச்சுக் குடுத்தேன். அன்னையிலேர்ந்து எழுத்தை ஏஐ கையில விடுறதே இல்ல.

அப்போ தமிழ் எழுத்தை எப்படித்தான் போடுறது?

ஏஐகிட்ட படம் மட்டும் கேளுங்க, எழுத்தே இல்லாம, மேலயோ பக்கத்துலயோ காலி இடம் விட்டு. அப்புறம் டிசைன் சாஃப்ட்வேர்ல யூனிகோட் ஃபான்ட் (போன்லயும் வெப்சைட்லயும் இருக்குற அதே எழுத்து முறை) வச்சு நீங்களே டைப் பண்ணுங்க. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி, பவனம் இதெல்லாம் ஓப்பன் லைசென்ஸ்ல இருக்கு, வியாபார வேலைக்கும் தாராளமா பயன்படுத்தலாம்.

ஃபோட்டோஷாப்ல "தையல்"னு டைப் பண்ணா த தனியா, ஐகாரக் கொம்பு அதுக்குப் பின்னாடி தனியா நிக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. ஃபான்ட் மேல தப்பில்ல, செட்டிங்தான். பாரகிராஃப் பேனல் மெனுவுல வேர்ல்ட் ரெடி லேஅவுட்னு இருக்கும், அதை ஆன் பண்ணா கொம்பு தானா முன்னாடி வந்து உக்காந்துரும். கஸ்டமர் வாட்ஸ்அப்ல அனுப்புறது யூனிகோட், அதைக் காப்பி பண்ணி பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல போட்டாலும் வேலைக்காகாது, கன்வெர்ட் பண்ணணும். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்தை கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு உருவமா, ஆக்கி அனுப்புங்க, இல்லன்னா அவங்க சிஸ்டத்துல அந்த ஃபான்ட் இல்லாம வேற எதாவதா மாறிடும்.

விளம்பர வாசகத்தையாவது ஏஐகிட்ட வாங்கலாம்ல?

வாங்கலாம், ஆனா அப்படியே போடாதீங்க. தமிழ்ல கேட்டா பெரும்பாலும் ஆங்கிலத்துல யோசிச்சு மாத்துன மாதிரி ஒரு நடை வரும், "உங்கள் கனவுகளுக்கு புதிய பரிமாணம்"னு. சைக்கிள் ரிப்பேர் கடைக்கு எந்தக் கனவுக்கு எந்தப் பரிமாணம்? ல, ள, ழ, ர, ற, சந்தி எல்லாம் ஒரு தடவை சத்தமா படிச்சுப் பாருங்க.

நான் பண்றது என்னன்னா, கடைக்காரர்கிட்ட "கஸ்டமர் வந்து நின்னா முதல்ல என்ன சொல்வீங்க"ன்னு கேப்பேன். ஒரு சைக்கிள் கடைக்காரர் "காலையில விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் ஓட்டிட்டுப் போங்க"ன்னார். அதையே பெருசா போட்டோம். அவர் வாயில வந்ததை விட நல்ல வரி எந்த டூலும் தந்திருக்காது. ஏஐகிட்ட இதைக் குடுத்து "நோட்டீஸ் பின்பக்கத்துக்கு சுருக்கமா மூணு வரி"ன்னு கேட்டா உருப்படியா உதவும்.

பிராம்ப்ட் தமிழ்ல எழுதலாமா, இங்கிலீஷ்லதான் எழுதணுமா?

பிராம்ப்ட்னா என்ன வேணும்னு ஏஐகிட்ட எழுதிக் குடுக்குறது. பேசுற மாதிரி கேக்குற டூல்ல தமிழ்லயே எழுதலாம், புரிஞ்சுக்கும். படம் மட்டும் வரையிற டூல் சிலதுல ஆங்கிலத்துல எழுதுனாதான் சொன்னது சொன்னபடி வரும். மொழியை விட முக்கியம், நீங்க என்ன பாக்கணும்னு உங்களுக்கே தெளிவா இருக்கணும். "அழகான சலூன் போஸ்டர்"னு எழுதுனா யாரோ ஒருத்தரோட சலூன்தான் வரும். "பழைய மரச் சட்டம் போட்ட கண்ணாடி, ஒரே ஒரு நாற்காலி, இடது பக்க ஜன்னல்லேர்ந்து காலை வெளிச்சம், வலது பக்கம் பாதி காலி, எழுத்து எதுவும் வேணாம்"னு எழுதிப் பாருங்க, வித்தியாசம் தெரியும். சைஸையும், படுக்கையா நிமிர்ந்தான்னும் முதல்லயே சொல்லிடுங்க.

போன்ல சூப்பரா இருக்கு, பிரிண்ட் போட்டா மங்கலா வருதே ஏன்?

கணக்குதான். நிறைய டூல் தர்ற படம் 1024 பிக்சல் அகலம். கையில வச்சுப் பாக்குற அச்சுக்கு ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி வேணும், அப்ப 1024ஐ 300ஆல வகுத்தா மூணரை இஞ்சு கூட வரல. விசிட்டிங் கார்டுக்கு ஏறக்குறைய சரி. ஏ4 நோட்டீஸுக்கு 2480க்கு 3508 பிக்சல் வேணும். அதே 1024 படத்தை பத்தடி ஃப்ளெக்ஸ்ல இழுத்தீங்கன்னா 120 இஞ்சு, இஞ்சுக்கு எட்டு புள்ளி சொச்சம்தான் விழும், கட்டம் கட்டமா தெரியும். ஃப்ளெக்ஸ் தூரத்துலேர்ந்து பாக்குறதுன்னால 72 இருந்தாலே நல்லா வரும், அதுக்கும் கம்மியா கூட சமாளிக்கலாம், ஆனா எட்டு ரொம்பக் கம்மி.

சின்னப் படத்தைப் பெருசாக்குற அப்ஸ்கேல் டூல் இருக்கே அது போதாதான்னு கேப்பீங்க. சுவர், வானம், இலை, துணி மாதிரி விஷயத்துக்குப் போதும். ஆனா அது இல்லாத விவரத்தைத் தானா கற்பனை பண்ணி நிரப்புது, அதனால முகத்துல விட்டா அவர் மாதிரியே இருப்பார், அவரா இருக்க மாட்டார். கடைக்காரர் போட்டோ வேணும்னா போன்லயே நல்ல வெளிச்சத்துல புதுசா எடுத்து, வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, அப்பதான் சுருங்காது.

ஸ்கிரீன்ல பளிச்னு இருந்த பச்சை அச்சுல செத்துப்போச்சு, பிரஸ்காரர் ஏமாத்திட்டாரா?

இல்லீங்க, பாவம் அவர். ஸ்கிரீன் வெளிச்சத்தால நிறம் காட்டுது, அதுதான் ஆர்ஜிபி. அச்சு நாலு நிற மையால காட்டுது, அதுதான் சிஎம்ஒய்கே. ஏஐக்குப் பிடிச்ச அந்த நியான் பச்சை, மின்னுற நீலம், ஊதா இதெல்லாம் சாதாரண நாலு மைக்குள்ள அடங்காது. ஃபைலை முன்னாடியே சிஎம்ஒய்கேக்கு மாத்திப் பாத்து, கஸ்டமருக்கும் அதையே காட்டிடுங்க. சின்ன எழுத்து கறுப்புன்னா கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் வச்சு விடுங்க, நாலு மையும் கலந்தா லேசா நகந்தாலும் எழுத்தைச் சுத்தி நிழல் மாதிரி வரும். ஓரத்துல 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டுறப்ப போறதுக்கு கூடுதல் படம், விட மறக்காதீங்க. ஏஐ படம் ஓரத்தோட முடிஞ்சு போயிருக்கும், அதை நீட்டுறதுக்கு ஜெனரேட்டிவ் ஃபில் அருமையான டூல்.

க்யூஆர் கோடையும் ஏஐயே போட்டுருச்சு, ஓகேவா?

அது க்யூஆர் மாதிரி இருக்குற ஒரு படம், ஸ்கேன் ஆகாது. கோடை க்யூஆர் ஜெனரேட்டர்ல எடுத்து கடைசியா வைங்க, சுத்தி கோட்ல இருக்குற சின்னக் கட்டம் நாலு அளவுக்கு வெள்ளை இடம் விடுங்க, அச்சான ப்ரூஃப்ல (சரிபாக்க எடுக்குற மாதிரி அச்சு) ரெண்டு மூணு போன்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க. போன் நம்பரும் இதே கதை, ஒவ்வொரு நம்பரையும் டயல் பண்ணிப் பாத்துட்டுத்தான் நான் ஃபைல் அனுப்புவேன்.

லோகோ ஏஐல பண்ணிக்கலாமா?

யோசனைக்கு எடுத்துக்கலாம், முடிஞ்ச லோகோவா வேணாம். லோகோ வெக்டரா இருக்கணும், அதாவது எவ்வளவு பெருசாக்குனாலும் உடையாத கோடு. ஏஐ பெரும்பாலும் தர்றது பிக்சல் படம். அதை சாஃப்ட்வேரே கோடா மாத்துற ஆட்டோ ட்ரேஸ் பண்ணா நூத்துக்கணக்குல புள்ளி விழுந்து கோடெல்லாம் நடுங்குன மாதிரி இருக்கும், ஸ்டிக்கர் வெட்டுற கட்டர் மெஷின்ல விட்டா தெரியும். ரீகிராஃப்ட் மாதிரி சில டூல் நேரா எஸ்விஜிங்கிற வெக்டர் ஃபைலே தருது, அதையும் திறந்து பாத்து சரி பண்ணத்தான் வேணும். எனக்குப் பிடிச்ச வழி, ஏஐ குடுத்ததுல ஒரு ஐடியாவைப் பிடிச்சு, பேப்பர்ல பென்சில்ல எளிமையாக்கி, இல்லஸ்ட்ரேட்டர்லயோ கோரல்ட்ராவுலயோ இங்க்ஸ்கேப்லயோ பென் டூல்ல புதுசா வரையிறது.

இன்னொரு பயம், நீங்க கேட்ட அதே மாதிரி இன்னொருத்தரும் கேட்டு ஏறக்குறைய அதே லோகோவை வாங்கியிருக்கலாம், இல்ல ஏற்கனவே பதிவான டிரேட்மார்க் மாதிரியே வந்திருக்கலாம். இமேஜ் சர்ச் பண்ணுங்க, உங்க நாட்டு டிரேட்மார்க் பதிவேட்டுலயும் தேடுங்க. ஒரே கலர்ல, நகம் அளவுல வச்சாலும் அடையாளம் தெரியுதான்னும் பாருங்க.

எங்க சாமான் போட்டோவை ஏஐல கொஞ்சம் அழகாக்கித் தாங்களேன்?

இதுல நான் கறாரா இருக்கேன். பேக்ரவுண்டை மாத்தலாம், வெளிச்சத்தை சரி பண்ணலாம், தூசி துடைக்கலாம். பொருளைத் தொடக் கூடாது. ஒரு மரச்சாமான் செய்றவர் நாற்காலி போட்டோ ஒண்ணு குடுத்தார், பட்டறைல எடுத்தது, பின்னாடி மரத்தூளும் சாக்கும். மொத்தப் போட்டோவையும் டூல்ல போட்டு "அழகான வரவேற்பறைல வை"ன்னேன். பாக்க அப்படி ஒரு அழகு. பெருசாக்கிப் பாத்தா கைப்பிடிக்கும் காலுக்கும் நடுவுல அவர் கையால போட்ட மூட்டு காணோம், வழவழன்னு ஒட்டுன மாதிரி இருக்கு, கால்ல இருந்த கடைசல் வளையம் மூணு ரெண்டாயிருச்சு. அந்த மூட்டுதான் அவரோட தொழில். அந்தப் படத்தைப் பாத்துட்டு வர்ற ஆளுக்கு அவர் எந்த நாற்காலியைக் காட்டுவார்?

அதனால நாற்காலியைத் தனியா வெட்டி எடுத்து பூட்டி வச்சுட்டு, பின்னாடி அறையை மட்டும் ஏஐல வரவழைச்சேன். வெளிச்சம் ரெண்டுலயும் ஒரே பக்கத்துலேர்ந்து வரணும், தரையில விழுற நிழலை நானே போட்டேன், இல்லன்னா அந்தரத்துல மிதக்கும். முடிச்சப்புறம் ஒரிஜினலையும் புதுசையும் பக்கத்துல வச்சு 200 சதவீதம் பெருசாக்கி ஒப்பிட்டுப் பாக்குறது கட்டாயம்.

முகம் வேணும்னா ஏஐ முகம் போட்டுக்கலாமா? கஸ்டமர் சொல்ற மாதிரி ஒரு நல்ல வார்த்தையோட?

பொதுவான விளம்பரப் படத்துல ஏஐ மாடல் ஓகே, கைவிரலையும் பல்லையும் எண்ணிப் பாத்துக்கோங்க. ஆனா இல்லாத ஆளை உருவாக்கி அவர் சொன்ன மாதிரி பாராட்டு போடுறது பொய். மூட்டுவலி மையம், பியூட்டி பார்லர் இவங்க கேக்குற "முன்பு, பின்பு" படமும் அப்படித்தான், உண்மையான ஆள், உண்மையான படம், அவங்க சம்மதம், மூணும் இருந்தா மட்டும் போடுங்க. நடிகர், விளையாட்டு வீரர் முகத்தை வரவழைச்சு கடை விளம்பரத்துல போடுறது பல நாட்டுல நேரா வழக்குல கொண்டுபோய் விடும், குரலும் அதே மாதிரிதான்.

ஏஐ படத்துக்கு காப்பிரைட் யாருக்கு? எனக்கா, கடைக்கா?

நாட்டுக்கு நாடு மாறுது. அமெரிக்க காப்பிரைட் அலுவலகம் 2023ல ஒரு காமிக்ஸ் விஷயத்துல மிட்ஜர்னி வரைஞ்ச படங்களுக்கு உரிமை இல்ல, மனுஷங்க எழுதுன எழுத்துக்கும் அடுக்குன விதத்துக்கும் மட்டும் உண்டுன்னு சொல்லுச்சு. 2025 ஜனவரில வந்த அவங்க அறிக்கையும், பிராம்ப்ட் எழுதுனது மட்டும் போதாதுன்னுதான் சொல்லுது. பிரிட்டன்ல 1988 சட்டத்துலயே கம்ப்யூட்டர் உருவாக்குனதுக்கு தனி விதி இருக்கு, அதுக்கான ஏற்பாட்டைச் செஞ்சவர்தான் ஆசிரியர்னு.

வேலைக்கு இதுலேர்ந்து நான் எடுத்துக்கிட்டது, ஏஐ படத்தைப் பின்னணிக்கு மட்டும் வைக்கிறது. கடையோட அடையாளமா இருக்கப்போற லோகோ, கார்ட்டூன் பாத்திரம், எழுத்து வடிவம் எல்லாம் கையால பண்றது. நாளைக்கு ஒருத்தர் காப்பியடிச்சா தடுக்க கையில ஏதாவது இருக்கணும்ல. ஸ்கெட்ச், லேயர் ஃபைல் எதையும் அழிக்காம வைங்க, டூலோட விதிமுறைல வியாபார அனுமதி இருக்கான்னும் பாருங்க, இலவச பிளான்ல சிலது தர்றதில்ல.

பிரபலமான அந்தக் கார்ட்டூன் மாதிரியே பண்ணித் தாங்கன்னு அடம் பிடிக்கிறாங்க, என்ன பண்றது?

ஒரு பாணிக்கு பொதுவா காப்பிரைட் கிடையாது, ஆனா பாத்திரத்துக்கு உண்டு. மஞ்சள் கலர், தடிச்ச கோடு, பெரிய கண்ணு கேக்கலாம், அந்தப் பாத்திரமே வந்து கடை வாசல்ல நிக்கக் கூடாது. டூல் வரைஞ்சு குடுத்துருச்சேங்கிறது பதில் ஆகாது. 2025 ஜூன்ல டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னி மேலயே இதுக்காக வழக்கு போட்டிருக்காங்க. அடோபி தன்னோட ஃபயர்ஃப்ளையை அடோபி ஸ்டாக் படங்களும், ஓப்பன் லைசென்ஸ் படங்களும், உரிமைக்காலம் முடிஞ்சதும் வச்சுதான் பழக்குனதா சொல்லுது, இந்தப் பயம் அதிகம் இருக்குற வேலைக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

ஏஐ வச்சுப் பண்ணேன்னு கஸ்டமர்கிட்ட சொல்லணுமா? சொன்னா ரேட்டைக் குறைக்கிறாங்களே

சொல்லிடுங்க, வேலை ஆரம்பிக்கிறப்பவே. மேல சொன்ன உரிமை விஷயமே போதும் காரணத்துக்கு, படம் யாருக்குச் சொந்தம்னு தெரியாம அவர் போர்டு மாட்டக் கூடாது. சில டூல் படத்துக்குள்ளயே இது ஏஐ பண்ணதுன்னு கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ்ங்கிற குறிப்பு வச்சுத்தான் தருது, சோதிச்சுப் பாக்குறவருக்குத் தெரிஞ்சுடலாம்.

ரேட்டுக்கு வருவோம். ஒரு படத்துக்கு இவ்வளவுன்னு வாங்குனா கண்டிப்பா குறையும். நான் பில்லுல பிரிச்சு எழுதுறேன்: கடைக்கு வந்து பேசுனது, எழுத்து அமைப்பு, ப்ரூஃப் பாத்தது, அச்சு ஃபைல், ரெண்டு கரெக்‌ஷன். படம்ங்கிறது அதுல ஒரு வரிதான். அந்தக் கண்ணாடிக் கடை நோட்டீஸ் கதையைச் சொன்னா பெரும்பாலானவங்க புரிஞ்சுக்கிறாங்க.

கஸ்டமரே ஏஐல ஒரு படம் பண்ணிட்டு வந்து "அச்சு அசலா இதே மாதிரி, எழுத்தை மட்டும் மாத்துங்க"ன்னு சொன்னா?

அவரை மட்டம் தட்டாதீங்க, அது ரொம்ப நல்ல ஆரம்பம். முன்னாடியெல்லாம் "கொஞ்சம் கிராண்டா"ன்னு சொல்லிட்டுப் போவாங்க, இப்ப மனசுல இருக்குறதைப் படமாவே கொண்டு வர்றாங்க. இதுல எது பிடிச்சிருக்கு, கலரா, அந்த வளைவா, வெளிச்சமான்னு கேளுங்க. அந்த ஃபைல்ல எழுத்து தனி லேயரா இருக்காது, படத்தோட ஒட்டியிருக்கும், சைஸும் பத்தாதுன்னு சொல்லி, அந்த 1024 கணக்கை அவர் கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டி, புதுசா கட்டித் தர்றேன்னு சொல்லுங்க. ஒருத்தர் கொண்டு வந்த படத்துல அவர் கடை வாசல்ல ஒரு பெரிய மரம் இருந்துச்சு, நிஜத்துல இல்ல. ஏன் சார் இந்த மரம்னு கேட்டேன், முன்னாடி இருந்துச்சு, ரோடு அகலம் பண்ணப்போ வெட்டிட்டாங்க, பழைய கஸ்டமர் எல்லாம் இன்னும் மரத்தடிக் கடைன்னுதான் சொல்வாங்கன்னார். அந்த மரத்தை நாலு கோட்டுல வரைஞ்சு லோகோவா வச்சோம்.